எழுத்துச்சாமியின் கை

படம் வந்து இறங்கும்போதே அதில் கையெழுத்து இருந்தது. முகம் இல்லை, கை இல்லை, கையெழுத்து மட்டும் இருந்தது. வலது பக்கக் கீழ்மூலையில், ரத்தச் சிவப்பில், ஒரு சாண் நீளத்துக்கு, வாலைச் சுழற்றிவிட்டுப் போட்டிருந்தார் ஓவியப் பட்டறை நடத்தும் பெரியவர். ஊரில் எந்த ஓவியனும் வேலை முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவான். இவர் முந்திக்கொண்டார். தம்பி பெண்டாட்டி தன் பேரைப் போட்டுவிடுவாளோ என்று அவ்வளவு பயம்.

மூன்று ஆட்கள் மழையில் நனைந்துகொண்டே அந்த எட்டடிப் படத்தைக் குறுகலான படிக்கட்டில் ஏற்றினார்கள். கீழே செருப்புத் தைக்கும் கடை. மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும். ஜன்னலோரம் பழுதுபார்க்க வந்த புனிதர் சுரூபங்கள் மூக்கில்லாமலும் காதில்லாமலும் வரிசையாக நின்றிருந்தன. அவற்றை ஓரங்கட்டிவிட்டுப் படத்தைச் சுவரில் சாய்த்தார்கள். ஆட்களைக் கீழே அனுப்பிவிட்டுப் பெரியவர் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

அந்தத் தடவல் ஒன்றே தம்பி பெண்டாட்டியான சின்னவளுக்கு விஷயம் புரியப் போதுமாக இருந்தது.

"கண்ணுல பொரை விழுந்துடுச்சும்மா," என்றார் அவரே. "ரெண்டு கண்ணுலயும். சக்கரை குறைஞ்சாத்தான் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டார். வெளியில யாருக்கும் தெரியாது. அங்கி, மேசை, புத்தகம் எல்லாம் பசங்கள வெச்சு முடிச்சுட்டேன். முகம்-கை மட்டும்தான் பாக்கி."

அந்தப் பட்டறையில் அது பரம்பரை வழக்கம். துணியும் மேகமும் தூணும் யார் வேண்டுமானாலும் தீட்டலாம். முகமும் கையும் குடும்பத்து ஆள்தான் தீட்ட வேண்டும், அதுவும் உயிருள்ள ஒரு மனிதனை உட்காரவைத்து, பார்த்துத்தான் தீட்ட வேண்டும். மனசிலிருந்து வரைகிற கை செத்த கை என்பார்கள். அந்த வேலைக்குப் பேரே 'முகம்-கை'.

"பசங்களையே போடச் சொல்றதுதானே அத்தான்?"

"விளையாடுறியா? கோயில் பீடத்துக்குப் போற படம். மறைமாவட்ட ஆயரே வந்து திறக்கப்போறார். நீ தொட்டுக் குடுத்த சுரூபத்தையெல்லாம் பாத்திருக்கேன். கண்ணு நல்லா இருந்தப்ப பாத்தேன். இந்த ஊர்ல முகம்-கை தெரிஞ்ச ஆள் இப்ப நீ ஒருத்திதான்."

"இன்னொருத்தரும் இருந்தாரு," என்றாள் சின்னவள்.

பெரியவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவும் சத்தம் ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது.

அந்த இன்னொருத்தர் சமையலறையில் இருந்த அவள் புருஷன்தான். அண்ணன் தம்பி இருவரில் கைவேலை சுத்தம் தம்பிக்கு. வாய் சாமர்த்தியம் அண்ணனுக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் படங்களுக்கு மரச்சட்டம் போடும் வேலை தலைக்கு மேல் குவிந்து கிடந்தபோது, தடித்த கட்டைகள் உள்ளே நுழையவில்லை என்று வட்ட ரம்பத்தின் பாதுகாப்பு மூடியைப் பெரியவரே திருகாணியோடு கழற்றி எறிந்தார். ரம்பக்காரன் அன்றைக்கே வேலையை விட்டுப் போனான். "நீ நில்லுடா கொஞ்ச நேரம்" என்று தூரிகை பிடிக்கிற தம்பியை அங்கே நிறுத்தினார். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்தூளுக்குள் போய்விட்டன.

விரல் போனதைக்கூட அவள் ஒருவாறு பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பெரியவர் அதோடு நிற்கவில்லை. தம்பி மயங்கிக் கிடக்கும்போதே, "குடிச்சுட்டு வந்து கைய வெச்சுட்டான்" என்று சொல்லிவிட்டார். விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னார், பங்குச்சாமியாரிடம் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த அத்தனை பேரிடமும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து சின்னவர் வீட்டுக்கு வருவதற்குள் அந்தப் பேச்சு தெருவெல்லாம் காலாற நடந்து முடித்திருந்தது. வேறு பட்டறைகளில் சாயம் குழைக்கக்கூட அவரைச் சேர்க்கவில்லை. குடிகாரர் வீடு எது என்று கேட்டால் செருப்புக்கடைக்காரரே மாடியைக் காட்டினார். சின்னவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டவர் வெளியே எடுப்பதில்லை. ரொட்டிக் கடைக்காரி அவர் இடது கையில் பொட்டலத்தைத் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவர் சண்டை போடவே இல்லை. அதுதான் சின்னவளின் வயிற்றில் ஆறு வருஷமாக எரிந்துகொண்டிருந்தது. மனுஷன் ஒரு தடவை கத்தியிருந்தால் அவளுக்குப் பாதி ஆறியிருக்கும். அவர் கத்தாததை எல்லாம் சேர்த்து அவள்தான் வைத்திருந்தாள்.

"முடிச்சுத் தர்றேன் அத்தான்," என்றாள். "ரெண்டே விஷயம். மழைக்காலம், எண்ணெய்ச் சாயம் காயாது. வேலை முடிஞ்சதும் துணி போட்டுத் தைச்சுடுவேன். ஆயர்தான் பிரிக்கணும். நடுவுல யாரும் தொறந்து பாக்கக் கூடாது."

"நல்லதுதான். எனக்கும் அதான் வசதி."

"இன்னொண்ணு. அன்னிக்கு உங்க தம்பியையும் கோயிலுக்குக் கூப்பிடணும். நீங்க உங்க வாயால கூப்பிடணும்."

பெரியவர் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பி, "டேய், வந்துடுடா," என்றார், கறிக்கடையில் எலும்பு கேட்கிற தோரணையில். பதிலுக்குக் காத்திராமல் எழுந்தார். படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடித் தேடி இறங்கினார். அவள் உதவிக்குப் போகவில்லை.

படத்திலிருந்தவர் ஒரு துறவி. கல்விக்குப் பேர்போன புனிதர். பேர் நீளமானது, பட்டறையில் எல்லோரும் எழுத்துச்சாமி என்பார்கள். வெள்ளை அங்கி, மேலே கறுப்புப் போர்வை, மேசை நிறையத் தடித் தடியாகப் புத்தகங்கள், காதருகே ஒரு புறா. உட்கார்ந்து எழுதுகிற கோலம். வலது கையில் இறகுப் பேனா இருக்க வேண்டும். அந்தப் பேனா மட்டும் ஆள் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. பார்க்கிறவர் கண் நேராகப் போய் விழுகிற இடம் அதுதான்.

முகத்துக்குக் கீழே இருந்த செருப்புக்கடைக்காரரை உட்காரவைத்தாள். சாமியைப் போலவே அவரும் பருமன், அவருக்கும் உச்சி வழுக்கை. "என்னைச் சாமியாக்கிட்டா செருப்பு யாரு தைப்பா?" என்று கேட்டுக்கொண்டே அவர் சுகமாகத் தூங்கிவிட்டார். வெள்ளையில் மஞ்சள் காவியும் ஒரு துளி சிவப்பும் கலந்து, நிழலுக்கு மங்கல் பச்சையைத் தொட்டு, தூங்குகிற முகத்தில் விழித்த கண்ணைத் தீட்டினாள். முகம் நன்றாக வந்தது. அதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை.

பிறகு புருஷனைக் கூப்பிட்டாள்.

"கைக்கு நீங்க உக்காருங்க."

சின்னவர் சிரித்தார். "ஆள் கெடைக்கலையா?"

"நீங்கதான் எழுதுற மாதிரி அழகா புடிப்பீங்க. உக்காருங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். பிறகு அந்தக் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார், தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி மெதுவாக. மேசைமேல் வைத்தார். கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒரு பென்சிலைச் செருகிப் பிடித்தார். பென்சில் ஆடியது. பிறகு நின்றது.

"இல்லாத ரெண்டையும் உன் கையப் பாத்துப் போட்டுக்கோ," என்றார்.

"ம்."

"உன் விரல் ஒல்லி. கொஞ்சம் தடிமனாப் போடு. சாமி நல்லாச் சாப்பிடுற ஆளு."

"ம்," என்றாள். வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. அவள் அந்தக் கையை ஆறு வருஷம் கழித்து முதல்முறையாக நிறுத்தி நிதானமாகப் பார்த்தாள். சட்டை மாட்டிவிடும்போதும் ரொட்டி கிழித்துக் கொடுக்கும்போதும் பார்த்ததெல்லாம் பார்த்ததில் சேராது என்று தெரிந்தது. கண்ணில் நீர் வந்தது. துடைத்துவிட்டுத் தீட்டினாள். மாலையில் அந்த இடத்தைச் சாயத்தில் ஒட்டாதபடி காகிதத்தைத் தொங்கவிட்டு மூடிவிட்டாள், தூசி படக்கூடாது என்று சொல்லி.

மறு வாரம் பெரியவர் பார்க்க வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முகத்தருகே முகத்தை வைத்து, மூக்கில் சாயம் ஒட்டுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"உயிர் இருக்கும்மா. கண்ணு பேசுது. கை எங்க?"

"மூடி வெச்சிருக்கேன் அத்தான். ஈரம்."

"யாரை உக்கார வெச்ச?"

"வீட்டு ஆளுதான்."

"யாரா இருந்தா என்ன. ஒவ்வொரு விரலும் உயிரோட இருக்கணும், அவ்வளவுதான். நம்ம பட்டறைப் பேரே விரல்லதான் இருக்கு." கதவருகே நின்று பெருமையாகச் சொன்னார்: "சட்டமும் ரெடி. ஆறு அங்குலத் தடிமன். இப்பவும் அதே மெஷின்தான், மூடி இல்லாமத்தான் ஓடுது. தேக்கு சும்மா வெண்ணெய் மாதிரி அறுபடுது."

அவர் போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். சின்னவர் சமையலறையிலிருந்து வந்து படத்தின் முன் நின்றிருந்தார். காகிதம் தரையில் கிடந்தது.

எழுத்துச்சாமி மூன்றே விரலில் இறகைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார். மீதி இரண்டும் அடிக்கணுவோடு முடிந்து, மொழுமொழுவென்று மூடியிருந்தன.

"மறந்துட்டியா?"

"இல்ல."

"போடு."

"மாட்டேன்."

"இது என் கை. என்னைக் கேக்காம பீடத்துல தொங்கவிடுவியா?"

"அவரு உங்களைக் கேட்டா ஊரெல்லாம் பேசினாரு?"

"கேக்கல. நீயும் கேக்கல. அப்ப அவனும் நீயும் ஒண்ணா?"

அவளுக்குக் கன்னத்தில் அறைந்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது. தூரிகையை எடுத்துத் தோல் நிறத்தில் தோய்த்து அவரிடம் நீட்டினாள்.

"சரி, தப்புதான். கேட்டிருக்கணும், கேக்கல. இந்தாங்க. நீங்களே போடுங்க, இடது கையால போடுங்க. ரெண்டு விரலையும் போட்டு மூடிடுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனா ஒண்ணு. அன்னிக்கு நீங்க என்ன குடிச்சீங்க? அதை மட்டும் சொல்லிட்டுப் போடுங்க."

சின்னவர் தூரிகையை வாங்கினார்.

"காபிகூடக் குடிக்கல," என்றார். "பால் திரிஞ்சு போச்சு அன்னிக்கு. நீ புலம்பிட்டு இருந்த. வெறும் வயித்தோட போனேன்."

"எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்."

இடது கையில் இருந்த தூரிகை நுனி படத்தைத் தொடாமல் நெடுநேரம் அந்த வெற்றிடத்தின் முன் ஆடிக்கொண்டிருந்தது. இவர் விரலை வரைந்துவிட்டால் இந்த ஜென்மத்தில் தனக்கு ஆறாது என்று அவளுக்குத் தெரியும். வரைந்தால் தடுக்க உரிமை இல்லை என்பதும் தெரியும்.

"தையல் இங்க இல்ல," என்றார் சின்னவர் திடீரென்று.

"என்ன?"

"தழும்ப மேல போட்டிருக்க. நடுவிரல்ல உள்பக்கமா வளைஞ்சு போகும். இங்க பாரு." வலது கையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "அந்த டாக்டர் அவசரத்துல தைச்சான். முடிச்சு துருத்திட்டு நிக்கும். நீ அழகாப் போட்டுட்ட. சின்னக் கத்தி குடு. கெட்டியா அப்பணும்."

அவள் சாயம் அப்புகிற கத்தியை எடுத்துக் கொடுத்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு படத்தைத் தொட்டார். விரல்களின் விளிம்பையும் தழும்பையும் கெட்டியாக அப்பி, முடிச்சை எழுப்பி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி அப்பினார். வேலை முடிய இருட்டிவிட்டது.

"நல்லாக் காயட்டும்," என்றார்.

மழை ஓயவில்லை. படத்தின் பக்கத்தில் கரி அடுப்பு வைத்து இரண்டு பேரும் மாறி மாறிக் காயவைத்தார்கள். ஈரம் ஈரம் என்று பெரியவருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

கோயில் நிறைந்திருந்தது. பக்கப் பீடத்தருகே படத்தைத் தரையிலேயே ஒரு தாங்கியில் நிறுத்தியிருந்தார்கள். ஆயர் செபம் சொல்லி மந்திரித்த பிறகுதான் கயிறு கட்டி மேலே ஏற்றுவது. வெள்ளைத் துணியைச் சின்னவள் ஒற்றை நூலில் தைத்திருந்தாள். இழுத்தால் சரசரவென்று பிரியும். பெரியவர் புதுக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகப் படத்தின் பக்கத்திலேயே நின்றார். அவர் இருக்கையும் அந்தப் பீடத்துக்கு நேர் எதிரே, முதல் வரிசை. கோயில் கமிட்டியில் அவருக்கென்று ஒதுக்கியது.

சின்னவர் கடைசித் தூணருகே நின்றார். பாக்கெட்டில் கை.

"ஆண்டவரே, அங்கியெல்லாம் பசங்க பண்ணது," என்று பெரியவர் ஆயரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் கோயில் முழுக்கக் கேட்டது. "முகம்-கை மட்டும் எப்பவும் நானேதான். அதை இன்னொருத்தர் தொட விடமாட்டேன். பேனா புடிச்ச அந்த விரலை மட்டும் நீங்க பாக்கணும். எழுந்து வந்து கையப் புடிச்சுக்கும்."

ஆயர் சிரித்துக்கொண்டே நூலை இழுத்தார். துணி விழுந்தது.

முதலில் "ஆ" என்று ஒரு சத்தம், முகத்துக்கு வந்தது. அப்புறம் சத்தம் அடங்கிக்கொண்டே போய், இருமல்கூட இல்லாமல் நின்றது. பெரியவர் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"பெரியவரே," என்றார் ஆயர் மெதுவாக, "புனிதருக்கு ஏன் ரெண்டு விரல் இல்லை?"

பெரியவர் சிரித்தார். ஆயர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தார். "என்ன ஆண்டவரே..."

"இது சின்னவரோட கையாச்சே," என்றார் கோயில் உபதேசியார், வாய் தவறி. முன்வரிசை திரும்பியது. அடுத்தடுத்த வரிசைகள் திரும்பின. சின்னவர் தூணைவிட்டு விலகி நடுப்பாதைக்கு வந்தார். அந்தக் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சும்மா தொங்கவிட்டார். ரொட்டிக் கடைக்காரி அந்தக் கையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்க," என்றார் பெரியவர். குரல் ஒலிபெருக்கியில் பிசிறடித்தது. "யாரு வந்திருக்கா? ஏன் யாரும் பேசல?"

சின்னவள் எழுந்து போனாள். பெரியவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொட்டுப் பாருங்க அத்தான். காஞ்சிடுச்சு."

அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. அவர் விரல் நுனியைக் கொண்டுபோய் எழுத்துச்சாமியின் கட்டை விரலில் வைத்தாள். என்ன இருந்தாலும் ஓவியன் விரல், தானாகவே நகர்ந்தது. கட்டை விரலைத் தாண்டி அடுத்த விரலுக்குப் போய், மொட்டையான இடத்தில் நின்றது. அதற்கடுத்ததற்குப் போனது. தழும்பில் ஏறி, வளைவோடு உள்பக்கம் இறங்கி, முடிச்சில் முட்டியது. அந்த முடிச்சை அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

பெரியவரின் முகம் சாயம் போன துணிபோல வெளுத்தது.

"இது என் வேலை இல்ல," என்றார்.

"கையெழுத்து உங்களுதுதானே பெரியவரே?" என்றார் பங்குச்சாமியார். "இப்பதானே முகம்-கை எல்லாம் நானேதான்னு சொன்னீங்க?"

பெரியவர் தான் போட்ட பூட்டுக்குள் தானே நின்றார். சின்னவள் இந்த நிமிஷத்தை ஆறு வருஷமாக அடுப்படியில் நின்று எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். எந்த நினைப்பும் இவ்வளவு ருசியாக இருந்ததில்லை. பாவம் கிழவன் என்று மனசின் ஒரு மூலைகூடச் சொல்லவில்லை.

சின்னவர் நடந்து வந்து அண்ணன் எதிரே நின்றார். கத்துவாரோ என்று அவள் பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"அண்ணே, அன்னிக்கு நான் காபிகூடக் குடிக்கல."

பெரியவர் குரல் வந்த திசையில் தலையைத் திருப்பினார். கை இன்னும் படத்தின் மேலேயே இருந்தது.

"தெரியும்டா," என்றார்.

சின்னச் சத்தம்தான். ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. விசும்பல் ஒன்று கேட்டது. அது ரொட்டிக் கடைக்காரி. ஆயர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் கலைகிற நேரத்தில் பங்குச்சாமியார் சின்னவளிடம் வந்தார். "படம் அருமையான படம்மா. முகத்தப் பாத்தா மண்டி போடத் தோணுது. அந்த ரெண்டு விரல மட்டும் போட்டுக் குடுத்துடேன். மேல ஏத்திடலாம்."

"என்னால முடியாது சாமி. எடுத்தவர் திருப்பிக் குடுக்கட்டும், உடனே போட்டுடறேன்."

சாமியார் சின்னவரைப் பார்த்தார். அவர், "ஏத்துங்க சாமி, அப்படியே இருக்கட்டும்," என்றார். ஆட்கள் கயிற்றை இழுத்தார்கள். எழுத்துச்சாமி ஆறு அங்குலத் தேக்குச் சட்டத்தோடு ஆடி ஆடி மேலே போய், முதல் வரிசைக்கு நேராக நின்றார்.

பெரியவர் தன் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பட்டறைப் பையன்கள் எப்போதோ போய்விட்டார்கள். சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கீழே விழுந்திருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"சக்கரைய குறைங்க அத்தான்," என்றாள், வீட்டு மனுஷிக்குரிய அக்கறையோடு. "சீக்கிரம் கண் ஆபரேஷன் பண்ணிக்கோங்க. ஆஸ்பத்திரிக்கு நானே வந்து கூட இருக்கேன். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடறேன்."

"எதுக்கும்மா?" என்றார் அவர், பயந்துபோய்.

"இதே இடத்துல உக்காந்து நீங்க நல்லாப் பாக்கணும் அத்தான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்."